கிரீஸ் கையும் ஹால் டிக்கெட்டும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "காதல், கவிதை, நட்பு... எதை வேணும்னாலும் எழுதுடா, ஆனா போரடிக்காம எழுது" என்று மலர்க்குழுச் செயலாளர் உத்தரவு போட்டார். எனக்குக் கவிதை வராது. பௌர்ணமி நிலாவைப் பார்த்தால் ஃப்ளைவீல்தான் ஞாபகம் வருகிறது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பதினான்கு மாதம் கிடந்து, ஒரு அம்பாசிடர் காரின் இன்ஜினையும், கியர்பாக்ஸையும், அதற்குப் பின்னால் சுற்றுகிற சாமான்களையும் கழற்றி, மறுபடி மாட்டி, ஓட வைத்தேன். அதில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டாகிவிட்டன. பிடிக்காதவர்கள் மலர் வெளியீட்டு அன்று கேன்டீனுக்கு வந்து சண்டை போடலாம். டீ என் செலவு.

"ஓகோ... கார் வச்சிருக்கிற வீட்டுப் பையனா?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். என் அப்பா ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் 21 வருஷம் டிரைவர். மில்லை மூடியபோது முதலாளியிடம் கொடுக்கப் பணம் இல்லை. "இந்த வண்டியை நீயே வச்சுக்கப்பா" என்று சாவியையும் ஆர்.சி. புக்கையும் கையில் கொடுத்துவிட்டார். 1986-ல் பதிவான மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. அப்பா அதை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்த அன்று ஊரில் பாதிப் பேர் நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டதாக நினைத்தார்கள். மீதிப் பேர் பெட்ரோல் விலை தெரிந்தவர்கள்.

கொஞ்ச நாள் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. அப்புறம் சைலன்சரில் நீலப்புகை. லிட்டர் கணக்கில் இன்ஜின் ஆயில் குடித்தது. ஒருநாள் இரண்டாவது கியர் தானாக வெளியே வந்து விழ ஆரம்பித்தது. கொட்டகையில் நிறுத்தியதுதான், ஆறு வருஷம் அப்படியே நின்றது. டிக்கியில் அப்பாயி வரட்டி அடுக்கினார். பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

நான் முதலாம் ஆண்டு முடித்த விடுமுறையில் காயலாங்கடைக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "இருபத்திரண்டாயிரம் தர்றேன். நாளைக்கே தூக்கிக்கிறேன்" என்றார். எனக்கும் தங்கச்சிக்கும் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அன்று சாயந்திரம் கொட்டகைக்குப் போனால், அப்பா துண்டை நனைத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நசுக்கப்போகிற வண்டியை யாராவது துடைப்பார்களா? இருபத்தொரு வருஷச் சம்பளப் பாக்கிக்கு அவரிடம் இருக்கிற ரசீது அது ஒன்றுதான்.

"நான் பண்றேம்பா" என்றேன்.

"என்னத்த பண்ணப்போற?"

"இன்ஜினை இறக்கி வேலை பாக்குறேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "டேய் தம்பி... உன்னைப் படிக்க வக்கிறதே கையில கிரீஸ் படாம உக்காந்து சாப்புடத்தான். அதையும் படிச்சிட்டு இதுக்கேவாடா வரணும்?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை உங்களில் எத்தனை பேர் வீட்டில் கேட்டிருக்கிறீர்கள்! எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு முந்தி யாரும் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பா கேட்டது தப்பென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. வீட்டுக் காசு ஒரு பைசா கேட்கக்கூடாது. படிப்பில் குறை வரக்கூடாது. ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் வண்டி காயலாங்கடைக்கு. ஃபீஸுக்கு அம்மா தோட்டை அடகு வைத்தார். நான் சனி, ஞாயிறு முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போனேன். இலை போட்டு, சாம்பார் ஊற்றி, வாளி கழுவிய காசில் வாங்கியதுதான் அந்த இன்ஜினுக்குள் இருக்கிற பிஸ்டன் செட்.

எனக்கு வாய்த்த வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாய் இருக்கிறார். நாற்பது வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். இப்போது முழங்கால் மடக்க முடியாது. "நான் நாற்காலியில உக்காந்துக்குவேன். நீங்க கழட்டுங்க தம்பி. ஆனா நான் சொல்றதுக்கு முந்தி ஒரு போல்ட்டு கூடத் தொடக்கூடாது" என்றார். பள்ளிக்கூடமே போகாதவர். என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

முதல் நாளே அவமானம். காலேஜில் வாங்கிய 13 எம்.எம். ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். வழுக்கி, போல்ட் தலை மழுங்கிப்போனது. பாய் சிரித்தார். "இது வெள்ளைக்காரன் வண்டி தம்பி. இன்ச்சு ஸ்பேனர் வேணும்." அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் தொடங்கி, 2014 மே மாதம் நிற்கும்வரை ஓடியது. இன்ஜின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' வகை. அதே வகை இன்ஜின்தான் அந்தக் காலத்து எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும்! அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் நுழையும், ஆனால் பிடிக்காது. யூனிட் கன்வர்ஷனில் எத்தனை கணக்குப் போட்டிருப்போம்! 0.3 மில்லிமீட்டர் என்றால் என்ன என்பது விரல் முட்டி பெயர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி இன்ஜினை இறக்கினோம். (கொட்டகை விட்டத்தில் கட்டலாம் என்றேன். "இன்ஜின் இறங்காது, வீடுதான் இறங்கும்" என்றார் பாய்.) ஹெட்டைக் கழற்றியதும் முதல் வேலையாக வெர்னியரை எடுத்தேன். போர் 73.025, ஸ்ட்ரோக் 88.9 என்று மேனுவலில் இருக்கிறது. பை பை ஃபோர் டி ஸ்கொயர் எல்... நாலு சிலிண்டர்... நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 1489 வந்தது. ஓடிப்போய் ஆர்.சி. புக்கைப் பிரித்தால் அதிலும் 1489 சி.சி.! சிரிக்காதீர்கள். நாம் போட்ட கணக்கின் விடை அரசாங்கப் புத்தகத்தில் அச்சாகியிருப்பதைப் பார்ப்பது ஒரு தனி சுகம்.

ஆனால் எங்கள் சிலிண்டர் 73.025-ல் இல்லை. மேல்பக்கம், ரிங் வந்து திரும்புகிற இடத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தால் ஒரு விளிம்பு தட்டியது. அங்கேதான் சூடு அதிகம், ஆயில் குறைவு; அதனால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். அதுவும் வட்டமாகத் தேய்ந்திருக்கவில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுகிற பக்கம் அதிகமாகத் தேய்ந்து முட்டை வடிவம். 'சைடு த்ரஸ்ட்' என்று ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதி ஐந்தும் வாங்கியவன் நான். அந்தத் த்ரஸ்ட் இரும்பைத் தின்னும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டவுனில் லேத்துக்குக் கொண்டுபோய் 40 தவ் போர் கொடுத்தோம். தவ் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராங்க்கை 20 தவ் அரைத்தோம். அதற்குப் பொருத்தமான ஓவர்சைஸ் பிஸ்டனும் அண்டர்சைஸ் பேரிங்கும் எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. ராத்திரி பஸ் ஏறி, சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு என்று அலைந்தேன். ஒரு கடையில் பெரியவர், "அம்பாசிடரா? அதுக்கு இன்னும் ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பரண்மேல் ஏறி, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். நூறு ரூபாய் குறைத்தும் கொடுத்தார்.

ஹெட்டில் வேறு வேலை இருந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அதுதான் எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற இடத்துக்குப் பாதுகாப்பு. 2000-க்குப் பிறகு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் கிடையாது. எனவே வால்வு சீட்டு நேரே வார்ப்பிரும்பில் வெட்டிய ஹெட்டுகள் மெல்ல மெல்லக் குழிகின்றன. கடினமான சீட்டு வளையம் தனியாக இறக்கினோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்களே, அதற்காக ஃபியூயல் பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும் புதிது. பாய் இதை நம்பவில்லை. "பெட்ரோல்ல சாராயமா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சண்டை. ஹெட் நட்டுகளை முறுக்க நான் சீனியர் ஒருவரிடம் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்தேன். பாய்க்குக் கோபம். "நாப்பது வருஷமா இந்தக் கைதான் ரெஞ்சு" என்றார். சரி, பந்தயம்! நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கையால் முறுக்கினார். நான் ரெஞ்ச் போட்டுச் சோதித்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் மேனுவல் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில் இருந்தன! அந்த ஒன்று மட்டும் தளர்வு. அந்த ஒன்று போதும், கேஸ்கட் ஊதிப்போக. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ரெஞ்சைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும்போது பாய் சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போடச் சொன்னார். "ஏன் பாய்?" "போடுங்க. மாத்தி மாட்டினா வண்டி நடுங்கும்." காரணம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்! ஹூக்ஸ் ஜாயின்ட். சாய்வாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். அடுத்த முனையில் இருக்கிற ஜாயின்ட் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் அது நடக்கும். தரையில் படம் போட்டுக் காட்டினேன். பாய் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "நாப்பது வருஷமா கோடு போட்டேன். இன்னிக்குத்தான் ஏன்னு தெரியுது" என்றார். எனக்கு எந்தப் பரிட்சையிலும் இவ்வளவு பெரிய மார்க் கிடைத்ததில்லை.

கியர்பாக்ஸில் இரண்டாவது கியரின் சிங்க்ரோ தேய்ந்திருந்தது, மாற்றினோம். முதல் கியருக்கு இந்த வண்டியில் சிங்க்ரோவே கிடையாது. அப்பா எப்போதும் வண்டியை முழுசாக நிறுத்திய பிறகுதான் ஃபர்ஸ்ட் போடுவார். அதை நான் அவருடைய குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிஃபரன்ஷியலை நாங்கள் திறக்கவே இல்லை. ஆட்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆயில் சீலும் ஆயிலும் மாற்றியதோடு சரி.

இப்போது என் மானம் போன கதை. எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, பேட்டரி இரவல் வாங்கி, தெருவே கூடி நிற்க, சாவியைத் திருப்பினேன். 'டமார்!' கார்புரேட்டர் வாயிலிருந்து தீ நாக்கு. கோழிகள் கூரை ஏறின. அப்பாயி "ஐயோ எம்புள்ள!" என்று ஓடிவந்தார். பாய் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். "தம்பி, ஒண்ணாம் நம்பருக்கு வைக்கிற வெடியை நாலாம் நம்பருக்கு வச்சிருக்கீங்க!"

நடந்தது இதுதான். ஒன்றாவது பிஸ்டன் மேலே வந்ததும் டிஸ்ட்ரிப்யூட்டரைப் பொருத்திவிட்டேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும்: ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். நான் பிடித்தது இரண்டாவது. அந்த நேரத்தில் தீப்பொறி வேண்டியது நாலாவது சிலிண்டருக்கு. பிளக் வயர்களில் ஒன்றையும் நாலையும், இரண்டையும் மூன்றையும் மாற்றிப் போட்டதும் பிடித்துக்கொண்டது. வால்வு டைமிங் டயகிராம் வரைந்து அந்த செமஸ்டரில் முழு மார்க் வாங்கியவன் நான். 720 டிகிரி என்று அழகாக எழுதியும் இருந்தேன்!

இங்கேதான் என் முதல் அபிப்பிராயம். நம் ஆய்வகத்தில் இன்ஜின் இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு பேட்சும் கழற்றுகிறோம், படம் வரைகிறோம், ரெக்கார்டு எழுதுகிறோம், மாட்டுகிறோம். ஆனால் மாட்டிய பிறகு அது ஓடுமா என்று பார்ப்பதில்லை. தப்பாக மாட்டினாலும் கையெழுத்துக் கிடைக்கிறது. ஓட வேண்டாத இன்ஜினில் தப்பு என்று ஒன்று எங்கே இருக்கிறது? மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் சங்கதி உங்களுக்கே தெரியும். தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, டவுன் கடையில் ரெடிமேடாக வாங்கி, பெயிண்ட் காயுமுன் கொண்டுவந்து வைக்கிறோம். (என்னை முறைக்காதீர்கள். நானும் அந்த வசூலில் பணம் கொடுத்தவன்தான்.) ஆறு பேருக்கு ஒரு பழைய இன்ஜின் கொடுங்கள். அம்பாசிடர் வேண்டாம், வயலில் கிடக்கிற பம்ப்செட் டீசல் இன்ஜின் போதும். செமஸ்டர் முடிவில் அது ஓடினால் மார்க். மாணவர் சங்கம் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்தது சட்ட விவகாரம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கினார்கள். தாமதித்த மாதங்களுக்குத் தனி. அதே மத்திய அரசு 2021-ல் இன்னொரு விதியும் போட்டிருக்கிறது. 50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் நிலையில் இருக்கிற கார் 'விண்டேஜ்'. அதற்குத் தனி நம்பர் பிளேட், பத்து வருஷப் பதிவு, கண்காட்சிக்கும் ரேலிக்கும் போகலாம். எங்கள் வண்டிக்கு 2036-ல்தான் 50 ஆகும். ஐம்பது வருஷம் ஒரு காரை ஷெட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும்? அவர்களிடம் இருந்தால் அது பாரம்பரியம். முப்பது சொச்சம் வயதில் எங்கள் கொட்டகையில் இருந்தால் அது குப்பை. வண்டியை உடைக்கக் கொடுத்தால் சலுகை உண்டாம்... எதில்? புதுக் கார் வாங்கும்போது வரியில்! புதுக் கார் வாங்குகிற நிலைமையில் நாங்கள் இருந்தால் நான் ஏன் சாம்பார் வாளி தூக்குகிறேன்?

மறுபக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்த வண்டியில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. ஏர்பேக் கிடையாது. இதைப்போல ஆயிரம் வண்டி தினம் ஓடினால் ஊர் மூச்சுமுட்டும். ஆகவே எதிர்க்கட்சிக்குப் பாதி மார்க் போட்டுவிட்டேன். ஆனால் ஒன்று. வண்டியைச் சோதித்துப் பாருங்கள், புகையை அளந்து பாருங்கள். தேறினால் விடுங்கள், தேறாவிட்டால் நிறுத்துங்கள். வயதை மட்டும் பார்த்துக் கட்டணம் ஏற்றுவது, அப்பா பெயரைப் பார்த்து அட்மிஷன் கொடுப்பது மாதிரி இருக்கிறது.

"எலெக்ட்ரிக் கார் காலத்தில் இந்தக் கிழட்டு இன்ஜினைக் கற்று என்ன பயன்?" என்று என் ரூம் நண்பன் கேட்டான். எலெக்ட்ரிக் காரிலும் பேரிங் இருக்கிறது, கியர் இருக்கிறது, முறுக்க வேண்டிய நட்டு இருக்கிறது. அதை ஒழுங்காக முறுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமா, வேண்டாமா? இதற்கு மேல் அவனுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

மொத்தச் செலவு 38,400 ரூபாய். காயலாங்கடைக்காரர் தர இருந்ததைவிட அதிகம். லாப நஷ்டக் கணக்கில் இது முட்டாள்தனம் என்று என் மாமா எழுதியே காட்டினார். அவர் கணக்கில் தப்பு இல்லை. அம்மா தோடு இன்னும் திரும்பி வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆர்.சி. புதுப்பிக்கப் பணம் சேர்கிறவரை வண்டி கொட்டகை வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் இடையில்தான் ஓடுகிறது. நாற்பதடி தூரம். கீழே ஒரு சொட்டு ஆயில் சிந்தும். அது என் வேலையின் குறை இல்லை, சத்தியமாக! கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எதிர்த்திசை மரை ஒன்று வெட்டியிருக்கும், அது சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பும். வண்டி நின்றால் சொட்டும். பாட்டன் காலத்திலிருந்து எல்லா அம்பாசிடரும் அப்படித்தான். அப்பா அடியில் ஒரு பெயிண்ட் டப்பா வைத்துவிட்டார்.

வண்டி ஸ்டார்ட் ஆன மூன்றாவது வாரம் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நான்கு மார்க்கில் போச்சு. அரியர். ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதல்லவா? ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. காலையில் நான் எழுந்து வந்தபோது கொட்டகையில் பானெட் திறந்திருந்தது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேப்பரை அடுத்த தடவை எழுதிக்கலாம். முதல்ல இந்த டேப்பட் சத்தத்தைக் கேளு. மூணாவதோ நாலாவதோ இடிக்குது."

ஆறவிட்டு, சாயந்திரம் திறந்தோம். எட்டு வால்வு. எது முழுசாக அமுங்கியிருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், எதைச் செட் பண்ண வேண்டும் என்று வரும். பாய் சொல்லிக்கொடுத்த கணக்கு. அப்பா முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினார். நான் 15 தவ் ஃபீலர் கேஜை வைத்துப் பார்த்தேன். நாலாவதுதான் தளர்ந்திருந்தது. அப்பாவுக்கு இப்போது இரண்டு கையிலும் கிரீஸ்.